பிடித்ததைக் கழற்றுவது

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஆன்டிபாடி எப்படி ஒட்டுகிறது என்றுதான் கேட்பார்கள். ஒட்டுவது தானே நடக்கும், கழற்றுவதற்குத்தான் நமக்குச் சம்பளம் என்பேன்.

1890இல் பேரிங்கும் கிடசாட்டோவும் சீரத்தில் நஞ்சை முறிக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் ஆன்டிபாடி. அது என்ன பொருள் என்று தெளிய அரை நூற்றாண்டு பிடித்தது. சுவீடனின் உப்சாலாவில், மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் கருவி ஒன்றை ஆர்னே டிசேலியஸ் கட்டியிருந்தார். அமெரிக்காவிலிருந்து போன எல்வின் கபாட், முட்டை வெள்ளைக்கருப் புரதம் ஊசி போட்ட முயலின் சீரத்தை அதில் ஓட்டினார். பிறகு அதே புரதத்தைக் கலந்து ஆன்டிபாடியைப் படியவைத்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். வரைபடத்தில் காமா குளோபுலின் என்ற புரதத்தின் மேடு மட்டும் இறங்கியிருந்தது. 1939இல் வந்த அந்தக் கட்டுரையை இன்றும் வாசிக்கத் தருகிறேன். அவ்வளவு எளிய சோதனை.

முயல் சீரத்திலிருந்து காமா குளோபுலினைத் திரட்ட அமோனியம் சல்பேட் போதும். குளிர் அறையில் நின்று, கலக்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வெள்ளையாகத் திரண்டு வரும். ஆனால் அந்த முயல் அதுவரை சந்தித்த கிருமிகளுக்கெல்லாம் எதிரான ஆன்டிபாடிகளும் அதற்குள் கிடக்கும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் சிறு பங்குதான்.

அதைப் பொறுக்கி எடுக்க வழி திறந்ததும் உப்சாலாதான். 1967இல் ஆக்ஸன், போராத், எர்ன்பாக் மூவரும் சயனோஜன் புரோமைடு கொண்டு அகரோஸ் மணிகளில் புரதத்தைப் பிணைத்துக் காட்டினார்கள். சயனோஜன் புரோமைடு பொல்லாத நஞ்சு. இப்போது தயார் மணிகளை விலைக்கு வாங்கிவிடுகிறோம். அகரோஸ் கடற்பாசியின் அகரிலிருந்து வருவது. ராமநாதபுரம் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் அகர் உண்டு. 1972இல் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் ‘புரோட்டீன் ஏ’யும் மணியேறியது. அது ஆன்டிபாடியின் வாலைப் பிடிப்பது. எதற்கு எதிரான ஆன்டிபாடி என்று பார்க்காது. அதனால் பொறுக்குவதற்கு, முயலுக்கு ஊசி போட்ட அதே புரதம் பிணைத்த மணிகளே வேண்டும்.

மணிகள் நிரப்பிய குழலில் சீரத்தை ஊற்றி, ஒட்டாததைக் கழுவிவிட்டு, பி.எச். 3க்குப் பக்கத்தில் இருக்கும் கிளைசின் கரைசலை விட்டால் பிடி தளரும். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் ஆன்டிபாடி கெடும் என்பதால், வாங்கும் குழாய்களில் அமிலத்தை முறிக்க முன்கூட்டியே கொஞ்சம் டிரிஸ் கரைசல் வைத்திருப்போம். சங்கடம் என்னவென்றால், இறுகப் பிடித்திருப்பவை, அதாவது நமக்கு மிகவும் வேண்டியவை, எளிதில் இறங்கா. மென்மையாகக் கழற்றினால் நடுத்தரச் சரக்குதான் கைக்கு வரும். வராததற்கு 3.5 மோலார் மெக்னீசியம் குளோரைடு ஊற்றிப் பார்ப்பேன். அதற்கு முன் குழலில் பாஸ்பேட் மிச்சமில்லாமல் டிரிஸ் கொண்டு கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியம் பாஸ்பேட் படிந்து குழல் அடைத்துக்கொள்ளும்.