தெட்சணாமூர்த்தியின் தவில்: பழைய ஒலிப்பதிவுகளை எதைக் கொண்டு எடைபோடுவது?

இணுவிலில் 1933இல் பிறந்து 1975இல் 41 வயதில் மறைந்தவர் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. இன்று அவருடைய ரசிகர்களாக இருப்பவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் கேட்டதில்லை. ஸ்பூலிலிருந்து கசெற்றுக்கும், கசெற்றிலிருந்து குறுவட்டுக்கும், அங்கிருந்து கைப்பேசிக்கும் இறங்கிவந்த பதிவுகளே அவர்களுக்குத் தெட்சணாமூர்த்தி. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றதும், அவர் பெயரையே அறியாதிருந்தவர்கள்கூட இந்தப் பதிவுகளைத் தேட ஒரு காரணம் கிடைத்தது. எந்தப் பதிவு உயர்ந்தது என்ற வாக்குவாதமும் கூடவே வந்தது.

வாக்குவாதத்தில் இரண்டு கட்சிகள். ஒலித்தெளிவுதான் முதல் தகுதி என்கிறது ஒன்று: தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடு படும் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்க வேண்டும், இரைச்சல் நீங்க வேண்டும். கோயில் வீதியில் விடிய விடிய நடந்த மேளச்சமாவின் பதிவே உண்மையானது என்கிறது மற்றது. அதில் மணியோசை இருக்கும், சனத்தின் ஆரவாரம் இருக்கும். தனி ஆவர்த்தனத்துக்குக் கடிகாரம் இருக்காது.

இரண்டாவது கட்சியின் பக்கமே நியாயம் அதிகம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் அடங்கும். 90 நிமிடக் கசெற்றிலும் 45ஆவது நிமிடத்தில் பக்கம் மாற்ற வேண்டும். கோர்வை எந்த இடத்தில் நிற்கிறது என்று கசெற் பார்ப்பதில்லை. தனி ஆவர்த்தனத்தின் கட்டமைப்பையே ஆராய வேண்டியவருக்கு, வெட்டுப்படாத கரகரப்பான பதிவு ஒன்று, துலக்கிய பத்துத் துண்டுகளைவிடப் பெறுமதியானது. இரைச்சலை அகற்றும் கருவிகள் உயர்ந்த அலைவரிசைகளையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன. இடப்பக்கத் தொப்பியில் கழி எழுப்பும் முழக்கம் தப்பிக்கொள்ளும். வலந்தலையின் விரல் நுணுக்கமே மழுங்கும். தெளிவை வேண்டியவர்கள் அதைத்தான் இழக்கிறார்கள்.

இரு கட்சியும் கவனிக்காமல் விடுவது வேகத்தை. தெட்சணாமூர்த்தியைப் பற்றிப் பேசத் தொடங்குபவர் அடுத்த வசனத்திலேயே அவருடைய வேகத்துக்கு வந்துவிடுவார். ஆனால் அந்த வேகத்தில் வித்துவானுடையது எவ்வளவு, ரேப் ரெக்கோடருடையது எவ்வளவு? நாடா 6 சதவீதம் விரைந்து ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறும். நிமிடத்துக்கு 100 ஆகவிருந்த அட்சரங்கள் 106 ஆகும். மின்னழுத்தம் சீராக இல்லாத இடத்தில் பதிந்து, இன்னொரு கருவியில் பிரதி எடுத்து, அதையும் வேறொருவர் பிரதி எடுத்தால் பிழை ஏறிக்கொண்டே போகலாம். (1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிப்பவர் களைத்தால் பாடகரும் களைப்பார்.)

தவிலை மட்டும் கேட்டு இப்பிழையைப் பிடிப்பது கடினம். பிடித்துத் தருவது நாதஸ்வரம். ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய பாரி நாதஸ்வரம் பொதுவாக இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்பது. அதே வித்துவானின் பல பதிவுகளில் இரண்டரையாக இருக்கும் சுருதி ஒன்றில் மட்டும் மூன்றுக்கு ஏறியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நாடாவை. உடன் வாசித்த நாதஸ்வர வித்துவானின் பெயர் காலத்தையும் காட்டும்: காருகுறிச்சி அருணாசலம் 1964இல் காலமானவர்; அவரோடு வாசித்த பதிவுக்கு அதற்குப் பிந்திய ஆண்டு போட முடியாது. அளவெட்டி என். கே. பத்மநாதனோ 2003 வரை வாழ்ந்தவர். அவர் பெயர் மட்டும் அவ்வளவு உதவாது, கோயிலும் திருவிழாவும் தெரிய வேண்டும்.

பதிவின் விபரங்களைப் பேணுவதில் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக்குழுவின் ரசிகர்களிடம் ஒரு பாடம் உண்டு. ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்த நாடாவா, கூட்டத்தில் ஒருவர் பிடித்த நாடாவா என்ற சண்டை அங்கும் பழையது. ஆயினும் ஒவ்வொரு நாடாவுக்கும் திகதி, அரங்கு, எத்தனையாவது பிரதி என்ற விபரத்தை அவர்கள் விடாமல் எழுதிவைத்தார்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த அவர்களுடைய நிகழ்ச்சி, 40 ஆண்டு கழித்து 2017இல் முறைப்படி வெளிவந்தபோது, அது எந்த இரவு என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு குறிப்பு மிஞ்சுவதே அரிது. 1990இல் வலிகாமம் வடக்கும் 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் சென்ற பொருள்களில் ஸ்பூலுக்கு இடம் இருந்திருக்காது. எடுத்துச் சென்றவர்களும் கசெற்றை எடுத்திருப்பார்கள், கொப்பியை விட்டிருப்பார்கள்.

ஆகவே பழம்பதிவு ஒன்றை வெளியிடுவோர் கைவைக்காத மூலப் பிரதியை முதலில் தர வேண்டும். துலக்கிய பிரதி அதன் பின்னால் வரட்டும். வேகத்தைத் திருத்தியிருந்தால் எவ்வளவு என்று எழுத வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ அளவெட்டியிலோ பழைய நாடா வைத்திருப்பவர்கள் அதை நூலக நிறுவனம் போன்ற ஆவணகங்களிடம் கொடுக்கும்போது, உறையில் பேனையால் கிறுக்கியிருப்பதையும் படம் எடுத்துச் சேர்த்துக் கொடுக்கட்டும்.