சிங்கப்பூர் ஈயின் பணிப்பதிவேடு

சிங்கப்பூரில் இருக்கும் மகள் போன மாதம் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். பால்கனித் தொட்டிச் செடியில் ஒரு கறுப்புப் பூச்சி. இறக்கை நல்ல நீளம். அதுவும் கறுப்புதான், வெயில் பட்ட இடத்தில் மட்டும் நீலம் மின்னியது. வயிற்றின் குறுக்கே வெள்ளைப் பட்டை. "அப்பா, இது கதண்டா? பிள்ளை பால்கனிப் பக்கமே போகமாட்டேங்கிறான். மருந்தடிக்க ஆள் கூப்பிடட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

நான் பூச்சி படித்தவன் அல்ல, தாலுகா ஆபீசில் கோப்பு கட்டியவன். ஆனாலும் கே.ஜி.கண்டிகையில் மத்தியான வேளையில் எனக்கு வேறென்ன வேலை?

முதலில் படத்தைப் பெரிதாக்கி இறக்கையை எண்ணினேன். கதண்டுக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி இறக்கை. இதற்கு ஒரே ஜோடி. இரண்டாவது ஜோடி இருக்கவேண்டிய இடத்தில், பறக்கும்போது நிலை தவறாமல் இருக்கச் சின்னக் குமிழ்கள் இருக்கும். அப்படி இருந்தால் அது ஈ. ஈக்குக் கொடுக்கு கிடையாது. "மருந்து வேண்டாம், கொட்டாது" என்று உடனே பதில் போட்டேன். மீதியை நிதானமாகத் தேடினேன்.

உட்கார்ந்திருக்கும்போதும் இறக்கையைப் பக்கவாட்டில் விரித்தே வைத்திருக்கும் இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'பீ ஃபிளை' என்று பெயர். நான் தேனீ ஈ என்று எழுதுகிறேன். இவற்றில் பலவற்றின் புழுக்கள் தனியாகக் கூடு கட்டும் தேனீ, குளவிகளின் புழுக்களைத் தின்றே வளர்கின்றன. குளவி வேஷம் போட்டுக்கொண்டு குளவி வீட்டிலேயே கை வைப்பது!

படத்தோடு ஒத்துப்போன பெயர் லிகைரா டாண்டலஸ். இந்தியாவிலிருந்து சீனா, ஜப்பான் வரைக்கும் உள்ள ஈ. பெயருக்குப் பக்கத்தில் பிராக்கெட்டுக்குள் 'ஃபப்ரீசியுஸ், 1794' என்று இருந்தது. அந்த பிராக்கெட்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஃபப்ரீசியுஸ் டென்மார்க்காரர், லின்னேயஸின் மாணவர். ஏறக்குறைய 10,000 பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்ததல்லவா? அங்கிருந்தும் அவருக்குப் பூச்சிகள் போய்ச் சேர்ந்தன. அவர் புத்தகங்களில் பல இடங்களில் ஊர்ப் பெயராகத் தரங்கம்பாடி நிற்கிறது. நான் படித்த காரைக்காலிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரம். அந்த வயதில் கோட்டையைப் பார்க்கப் போவோம், கடலில் குளிப்போம், யார் ஈயைப் பார்த்தார்கள்?

அவர் இந்த ஈயை 'அந்த்ராக்ஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார். கிரேக்க மொழியில் அதற்குக் கரி என்று பொருள், மாட்டு நோய்க்கும் அதே பெயர்தான். டாண்டலஸ் என்பது கிரேக்கக் கதை ராஜா. கழுத்தளவு தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாதபடி தண்டனை பெற்றவன்.

ஃபப்ரீசியுஸ் பூச்சியின் வாயைப் பார்த்துப் பிரித்தவர். பின்னால் வந்தவர்கள் ஈக்களை இறக்கை நரம்பை வைத்துப் பிரித்தார்கள். அதில் ஒருவர் பிரான்சில் லீல் நகரத்து மக்கார். இளமையில் ராணுவத்தில் செயலாளராகவும் படம் வரைபவராகவும் வேலை பார்த்தவர், ஏறக்குறைய நம்ம ஜாதி! 1838 முதல் 1855 வரை வெளிநாட்டு ஈக்களைப் பற்றிப் பகுதி பகுதியாக எழுதினார், எல்லாம் பிரெஞ்சில். பாண்டிச்சேரி ஈக்களும் அதில் உண்டு. நாற்பது வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு நாளும் உதவாத என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, எழுபது தாண்டி ஒரு ஈக்காக உதவியது. அகராதி எடுக்காமல் பாதிக்கு மேல் புரிந்தது. 'செல்லூல்' என்று அவர் எழுதுவது நரம்புகளுக்கு நடுவே அடைபட்ட கட்டங்களை. இறக்கையின் முன்னோரத்தை அடுத்த கட்டங்கள் அந்த்ராக்ஸுக்கு இரண்டு. மூன்று உள்ளவற்றுக்கு 1840இல் எக்சோப்ரோசோபா என்று தனிப்பெயர் கொடுத்தார். நம் ஈயின் கூட்டத்துக்கு அதற்கும் மேலே, நான்கு.

அதனால் அதற்கும் இடமாற்றம் வந்தது. 1920இல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைத் தொகுத்த புருனெட்டி இதை 'ஹைப்பரலோனியா' என்ற பேரினத்தில் வைத்தார். இவர் தொழிலால் இசைக்கலைஞர். கல்கத்தாவில் பல வருஷம் இருந்து, ஈக்களைப் பற்றி மட்டும் மூன்று தொகுதி எழுதினார். பிற்பாடு ஹைப்பரலோனியா தென்னமெரிக்க இனங்களுக்கு என்று ஒதுங்கிவிட, நம் ஈ லிகைராவுக்கு வந்தது. அது நியூமன் என்பவர் 1841லேயே வைத்த பெயர். ஹொனலூலு அருங்காட்சியகத்து ஈவன்ஹுயிஸும் இங்கிலாந்தின் கிரேட்ஹெட்டும் 1999இல் உலகத் தேனீ ஈக்களின் பட்டியலை அச்சிட்டார்கள். 4,500 இனங்களுக்கு மேல்!

இனி அந்த பிராக்கெட். முதலில் வைத்த பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டால், பெயர் வைத்தவரும் வருஷமும் பிராக்கெட்டுக்குள் போகும். ஆனால் அழிக்கமாட்டார்கள். நமக்கு எத்தனை ஊருக்கு மாற்றல் ஆனாலும் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் சேர்ந்த தேதி அப்படியே இருந்ததே, அதுபோல.

மகளுக்கு எழுதும்போது ஒன்றை மறைக்கவில்லை. கைபேசிப் படத்தில் கட்டங்களை எண்ண முடியவில்லை. லிகைராவில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் உண்டு. ஆகவே 'லிகைரா, பெரும்பாலும் டாண்டலஸ்' என்றுதான் கையெழுத்துப் போட்டேன். கொட்டாது என்பதற்கு மட்டும் முழு உத்தரவாதம்.

ராஜா கதையையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். மறுநாள் பேரன் குரல் பதிவு வந்தது. "தாத்தா, பால்கனியில கிண்ணத்துல தண்ணி வச்சிருக்கேன். அது இன்னும் வரலை."