உறையும் நூலும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளிலிருந்து புறப்படும் பண்டங்கள் பலவற்றை அட்டைப் பெட்டியோ நெகிழிப் பையோ போர்த்தியிருக்கும். அவ்வுறையையும் உங்கள் பாடநூலையும் ஒரே முறையில் அச்சிடலாகாதா என்னும் வினாவுக்கு வரலாற்றைக் கொண்டே விடை கூற விழைகிறேன்.

1713ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை உருவிற் பெரியவை, தாளோ அரிது. எனவே சீகன்பால்குவின் குழுவினர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை அதற்கென உருக்கினர் என்று மிஷன் வரலாறு கூறும். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவெய்தியது. அங்கே உறை நூலுக்கு உதவியது.

மேடெழுத்தில் மை தடவி அழுத்தும் அம்முறை சொற்களுக்கு ஏற்றது. வண்ணப் படங்களுக்கு எளிதன்று. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் இயல்பைக் கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செனிஃபெல்டர் கல்லச்சைக் கண்டார். 1923ஆம் ஆண்டையொட்டிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிற்று. தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டும். அத்தேவையே அங்கு அச்சுத்தொழிலையும் வளர்த்தது. பின்னர் ரப்பர் விரிப்பின் வழியாகத் தாளில் மை பதிக்கும் ஆப்செட் முறை பரவியது. லேபிள் அச்சிட்ட ஊர் நாட்காட்டிகளும் நூல்களும் அச்சிடலாயிற்று.

ஆயினும் நெகிழித் தாள் மையை உறிஞ்சாது. அதற்கு, வளையும் தகட்டில் மேடாக எழுத்தமைத்து, விரைவில் உலரும் மையால் பதிக்கும் ஃபிளெக்சோ முறை பொருந்தும். நெளி அட்டைப் பெட்டிக்கும் அதுவே பெரிதும் உதவும். முன்னர் அதற்கு அனிலின் அச்சு என்று பெயர். அனிலின் நஞ்சென்னும் அச்சத்தால் உணவு பொதிவோர் தயங்கினர்; ஆகவே 1952இல் அமெரிக்காவில் அப்பெயரை மாற்றினர். செம்பு உருளையில் நுண்குழிகள் செதுக்கும் கிராவுர் முறை படங்களைச் செம்மையாகத் தரும். ஆனால் உருளையின் செலவு மிகுதி. இலட்சக்கணக்கில் அச்சிட்டாலன்றி அச்செலவு கட்டாது. சில நூறு படிகளே வேண்டுவோருக்கு இன்று டிஜிட்டல் அச்சு உண்டு.

ஆதலின், எம்முறை உயர்ந்தது என்று வினவுதல் பொருந்தாது. எதன்மேல் அச்சிடுகிறோம், எத்தனை படிகள், உள்ளே இருப்பது உணவா என்பனவே முதலில் கேட்க வேண்டியவை. தரங்கம்பாடியில் தாளின் அருமை எழுத்தின் அளவைக் குறித்தது. சிவகாசியில் லேபிளின் வண்ணம் பொறியைக் குறித்தது. தேவையறிந்து கருவியைத் தேர்ந்தோரே இக்கலையை வளர்த்தனர்; நீங்களும் அவ்வழி நிற்பீர்களாக!