மேகத்திற்கு மேலும் எட்டாத ஒளி

1955 ஜூன் 20 காலை முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இலங்கையைக் கடந்தது. சூரியனின் ஒளிவளையத்தை ஆராய வந்த வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றை மேகம் ஏமாற்றிற்று. மேகத்திற்கு மேலேறின் போதுமோ? போதாது. 2,524 மீட்டர் உயர்ந்த பீதுருதாலகால உச்சிக்கும் அதீதப் புறஊதாக் கதிர் வந்துசேராது. வளிமண்டலத்தின் மேலடுக்குகளே அதனை உறிஞ்சிவிடும். நுவரெலியாவிற் கொழுந்து பறிப்போரின் தோலைக் கருக்குவது அலைநீளம் மிக்க புறஊதாவே. (அவர்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அன்று குடியுரிமையற்றோராயிருந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.)

காந்தப்புலம் செறிந்த செயற்பிரதேசங்களில், பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், இலத்திரன்கள் பலவற்றை இழந்த இரும்பு அக்கதிரை உமிழ்கின்றது. 1973-74இல் ஸ்கைலாப் விண்கூடத்தினர் அதனை விரிவாகப் படம்பிடித்தனர். 2010இல் ஏவப்பட்ட சூரிய இயக்கவியல் ஆய்வுக்கலத்தின் படங்களோ எவர்க்கும் திறந்தவை. அட்டனில் மேகம் கவிந்த நாளிலும் காணலாம்.