உதயகிரிக் கோட்டையில் உறங்கும் வலிய கப்பித்தான்

தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறி உட்கார்ந்தால், தக்கலை தாண்டியதும் புலியூர்க்குறிச்சி. அங்கேதான் உதயகிரிக் கோட்டை. போன வருஷம் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே டிலனாயின் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். கதையைச் சொன்னதும் பையன் கேட்டான்: "அப்போ அவரு துரோகிதானே தாத்தா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மிளகுதான் எல்லாவற்றுக்கும் காரணம். 1741-இல் டச்சுக் கம்பெனிப் படை குளச்சலில் இறங்கியது. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் படை அதை வளைத்துச் சரணடைய வைத்தது. சிறைப்பட்ட தளபதி டிலனாய் மகாராஜாவின் காலடியில் வாளை வைத்தார் என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் கம்பெனியின் பழைய ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அவர் அப்போது தளபதியே இல்லையாம், சின்னப் பதவிக்காரர். தாமாகவே இந்தப் பக்கம் வந்துவிட்டாராம். கம்பெனியில் சேருகிற ஒவ்வொருவனும் சத்தியம் செய்துகொடுப்பது வழக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் பையன் சொன்னது தப்பில்லை.

இங்கே அவர் வலிய கப்பித்தான். நாயர் படைக்கு ஐரோப்பிய முறையில் கவாத்துப் பழக்கினார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார். காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் பயத்தாலும் அடக்கியவர் என்று கல்லறையின் லத்தீன் வாசகம் பெருமையாகவே சொல்கிறது. அடங்கிப்போன அம்பலப்புழைக்காரரைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பார்!

அவர் விசுவாசத்துக்குப் பெரிய சோதனை 1752-இல் வந்தது. அவரோடு பழகி, அவர் மூலம் கிறிஸ்தவரான நீலகண்ட பிள்ளையை (2022-இல் புனிதராக்கப்பட்ட தேவசகாயம்தான்) அதே மகாராஜாவின் ஆட்சியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நண்பனைக் கொன்ற அரசின் படைக்கு மறுநாள் காலையில் எந்த மனசோடு கவாத்துச் சொன்னாரோ! விட்டுப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். 1765-இல் களக்காட்டுச் சண்டையில் மகனையும் பறிகொடுத்தார். அப்போதும் போகவில்லை. தர்மராஜா காலத்தில், 1777 ஜூன் 1 அன்று, உதயகிரியிலேயே கண்ணை மூடினார். சேவை ஏறக்குறைய 37 வருஷம்.

1956-இல் கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று; வேலைக்கு வந்த நாங்கள் இந்தப் பக்கம் தங்கிவிட்டோம். பஸ்ஸில் திரும்பும்போது பையனிடம், "ஒரு தடவை மாறினாரு மக்களே, அப்புறம் மாறல்லே" என்றேன். அவன் களியிக்காவிளை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தான்.