கரண்ட் வந்த வழி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று சொல்பவர் குறைவு. "மதுரையில கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள்.

அந்தக் கரண்ட் பிறந்தது 1895இல், ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டபோது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குக் கோபால்ட் இயந்திரம் அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் முதுகெலும்புக்குப் பரவிய புற்று அதற்குச் சவால். கட்டி இருப்பது எலும்பில். சில மில்லிமீட்டர் தள்ளித் தண்டுவடம். அது கெட்டால் கால் போய்விடும். அதனால் கதிரைப் பத்துத் தவணையாகப் பிரித்து, அடக்கித்தான் கொடுத்தார்கள்.

இதற்கு வழி ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் கூடட்டும் என்றார் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், 1951இல். தலையை அசையாமல் பிடிக்க மண்டையோட்டில் உலோகச் சட்டத்தை முடுக்கினார். முதுகில் எங்கே முடுக்குவது? அவரிடம் பயின்ற ஜான் ஆட்லர், ஸ்டான்ஃபோர்டில் ரோபோ கையில் சின்னக் கதிர் இயந்திரத்தை மாட்டினார். நோயாளி கிடக்கும் நிலையை எக்ஸ்ரே படம் பார்த்துத் திருத்திக்கொள்ளும் அதன் பெயர் சைபர்நைஃப். 1994இல் முதல் நோயாளி. 2001இல் உடல் முழுவதற்கும் அமெரிக்க அனுமதி. 2009இல் சென்னை அப்போலோ. இப்போது லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்னும் வழக்கமான கதிர் இயந்திரம் நல்லதாக இருந்தால் அதிலும் இதைச் செய்கிறார்கள்.

பலன்? கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 24 கிரே (கதிரை அளக்கும் அலகு) இரண்டே தவணையில் துல்லியமாகப் பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் வலி முழுக்க நின்றது. 20 கிரேயை ஐந்து தவணையில் வழக்கம்போல் பெற்றவர்களில் 14 சதவீதம்தான். அதற்காக விலை கூடினால் வலி தீரும் என்று நம்பிவிட வேண்டாம். ஒரே தவணையில் 16 அல்லது 18 கிரே துல்லியமாகக் கொடுத்த அமெரிக்க ஆய்வில், சாதாரண 8 கிரேயைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது தவணைக் கணக்குதான். முதுகு வலியோடு ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில், திருமங்கலம் வழியாக மதுரை போய் வருவது எப்படி இருக்கும் என்று, வேகத்தடை ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்தவரைக் கேட்டால் தெரியும். பத்து முறை இரண்டு முறையாகக் குறைவது அவருக்குப் பெரிய விஷயம்.

தண்டுவடம் நசுங்கி, கால் மரத்துப்போனாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கதையே வேறு. துல்லியக் கதிருக்குப் படமெடுத்துத் திட்டம் போடவே நாளாகும். அதற்குக் காத்திருக்கக் கூடாது. டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, அவசரமாக எம்ஆர்ஐ எடுத்து, அறுவையா சாதாரணக் கரண்டா என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.