மைலேஜ் கருவிகளைச் சோதித்த ஆய்வகம்

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. மைலேஜைக் கூட்டுவதாகச் சொல்லும் கருவிகளுக்கும் நல்ல காலம் பிறந்தது. கார்பரேட்டருக்குக் கீழே காற்றைக் கசியவிடும் வால்வு, எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம் எனப் பல வந்தன. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வகம் காரை உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்த அட்டவணைப்படி ஓட்டி, புகையிலுள்ள கார்பனை அளந்து எரிந்த பெட்ரோலைக் கணக்கிட்டது. கருவியோடும், கருவி இல்லாமலும். நூற்றுக்கு மேற்பட்டவற்றை மதிப்பிட்டும், மைலேஜைக் கணிசமாக உயர்த்திய ஒன்றைக்கூட அது காணவில்லை. வேகமெடுக்கும்போது ஏ.சி. கம்ப்ரசரை நிறுத்துவது போன்ற சில மட்டும் சிறிது மிச்சப்படுத்தின. சில நச்சுப்புகையைக் கூட்டின. விலையேற்றத்தில் நொந்த குடும்பங்களின் பணத்தைக் காத்த இந்த வேலையைப் பெரிய பொதுச்சேவை என்றே சொல்வேன்.

'என் வண்டியில் பலன் தெரிந்ததே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. கருவி வாங்கியவர் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கிறார், டயரில் காற்று பார்க்கிறார். டேங்க் நிரம்பும் அளவும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. உருளைச் சோதனை விலக்கியது இவற்றைத்தான். மைலேஜைக் கூட்டும் கருவிகளை எண்ணெய் நிறுவனங்கள் அமுக்கிவிட்டன என்ற வாதமோ இன்னும் பழையது. 1930-களில் சார்லஸ் போக்கின் கார்பரேட்டர் கேலனுக்கு 200 மைல் தரும் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்தே அது உலவுகிறது. ஆனால் அவருடைய காப்புரிமைகளை எவரும் படிக்கலாம். அவை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் செய்தும் பார்க்கலாம். பெட்ரோலை முழுதாக ஆவியாக்கினாலும் லாபம் குறைவுதான்: சாதாரண எஞ்சினிலேயே அதன் பெரும்பகுதி எரிந்துவிடுகிறது, உண்மையான இழப்பு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறும் வெப்பம்.